வாயில்லா ஜீவன்களின் பேரில் சேர்ந்த காசு

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே எழுந்து நிற்பவர் ஒருவராயினும் பேசுவது எட்டுப் பேர் என்று கொள்ளுமாறு முதலிலேயே வேண்டிக்கொள்கிறோம். வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகத்திற் பயிலும் இம்மன்றத்து அங்கத்தவர் எண்மர் சேர்ந்து செய்த ஒரு காரியத்தையும், அதனால் எமக்கு நேர்ந்த வெட்கத்தையும், அதன் பின்னர் தேடி அறிந்த சிலவற்றையும் சொல்லவே வந்தோம். செயலாளர் அவர்கள் எமக்குத் தந்த தலைப்பு 'ஜீவகாருண்யம்' என்பது. அத்தலைப்பிலே அழகாகப் பேசுதல் எளிது. கன்றுக்காக மைந்தனைத் தேர்க்காலில் இட்ட சோழனிலே தொடங்கி வள்ளலாரிலே முடித்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். நாங்கள் பேச விரும்புவதோ ஜீவகாருண்யத்தின் வரவு செலவைப் பற்றி. கைதட்டல் கிடைக்குமோ தெரியாது.

சென்ற ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத் திருவிழாவிலே நாங்கள் தகரப் பேணிகளோடு நின்றதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பேணியின் மேல் காலொடிந்த நாயொன்றின் படம். பின்னாலே கட்டியிருந்த பெரிய பதாகையிலும் அதே நாய். 'வாயில்லா ஜீவனுக்கு வாரி வழங்குவீர்' என்று எழுதியிருந்தோம். சனங்கள் தாராளமாகவே போட்டார்கள். தீர்த்தக்குளத்தில் மூழ்கி எழுந்து, ஈரத் துவாயைத் தோளிலே போட்டுக்கொண்டு வந்த படுவான்கரைப் பெரியவர் ஒருவர் மடியை அவிழ்த்து நூறு ரூபாத் தாளொன்றை எடுத்தார். பேணியின் வாய் வரைக்கும் கொண்டுவந்தவர், அப்படியே கையை நிறுத்திக்கொண்டு கேட்டார்:

"இந்தக் காசு எந்த நாய்க்குப் போகுது மனே?"

"கொழும்பில ஒரு மிருக நலச் சங்கம் இருக்குது ஐயா. அங்க அனுப்புவம்."

"அப்ப, நம்மட மாமாங்கத்து நாயெல்லாம் இண்டைக்கு விரதமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பெரியவர் தாளைப் பேணிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போட்ட நூறு ரூபா அன்றே எண்ணி முடிந்துவிட்டது. அவர் போட்ட கேள்வி இன்னும் முடியவில்லை.

சேர்ந்த பணத்தை அனுப்பிய பின்னர், அது எவ்வாறு செலவாயிற்று என்று கேட்டு அச்சங்கத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். நன்றி தெரிவித்து ஒரு பதிலும், ஒரு பற்றுச்சீட்டும், மேலும் உதவி கோரும் அட்டையொன்றும் வந்தன. இரண்டாவது கடிதத்துக்கு நாய்க்குட்டிப் படங்கள் அச்சிட்ட நாட்காட்டி வந்தது. அதை அச்சிட்ட காசும் எவரோ ஒருவர் பேணியிலே போட்ட காசுதானே என்று எங்களுள் ஒருவர் சொன்னபோது எவருக்கும் அதைச் சுவரிலே மாட்ட மனம் வரவில்லை. மூன்றாவது கடிதத்துக்கு ஆண்டறிக்கை வந்தது. வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படங்கள், கணக்கென்று பார்த்தால், நன்கொடைகள் உரிய முறையிலே பயன்படுத்தப்பட்டன என்று ஒரேயொரு வாக்கியம்.

அச்சங்கத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. கணக்குக் காட்டாதவர் எல்லாரும் கள்வர் என்று நாங்கள் எண்ணவில்லை. சிலரிடம் கணக்கெழுத ஆளில்லை. சிலருக்கு எழுத மனமில்லை. வெளியில் நிற்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவே.

இவ்விடத்திலே எங்கள் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "கொக்கட்டிச்சோலையிலே கல் நந்தி புல்லுண்டது என்ற ஐதீகத்தைக் கேள்வி கேளாமல் நம்புகிற நாங்கள், கொழும்பிலே உயிருள்ள நாய் சோறு தின்றதற்குச் சாட்சி கேட்பது நியாயமா?" என்றார். பகிடிக்குத்தான் கேட்டார். ஆயினும் யோசித்துப் பார்த்தால் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்து ஐதீகத்திலும் சாட்சி இருக்கிறது. புல்லை வைத்துச் சோதித்தவன் நம்பிக்கையற்ற பறங்கித் தளபதி. பார்த்து நின்றது ஊர். கணக்காய்வு செய்வதற்கு நம்பாதவனைப் போல நல்ல ஆள் வேறெவர்? மேலும், நம் பகுதிக் கோயில்களிலே வண்ணக்கர் என்னும் பதவி ஏன் ஏற்பட்டது? சுவாமியிடத்திலே பக்தி குறைந்ததனாலா? குடிக்குக் குடி ஆள் வைத்து, கோயிற் சொத்தைக் கண்காணிக்க ஏற்பாடு செய்தவர்கள் நம்மினும் பக்தியிற் குறைந்தவர்கள் அல்லர்.

நாங்கள் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளிலே படித்தவர்கள். தவக்காலத்திலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறிய காகிதப் பெட்டி தருவார்கள். மிட்டாய்க் காசை மிச்சம் பிடித்து அதிலே போடவேண்டும். சைவப் பிள்ளைகளும் போடுவோம். பெருநாளின் பின்னே ஆசிரியர் வகுப்பிலே கரும்பலகையில் மொத்தம் இவ்வளவு, இன்ன இடத்துக்கு இவ்வளவு போயிற்று என்று எழுதிக் காட்டுவார். அந்தப் பழக்கம் எமக்கு நல்லதென்று பட்டது, இன்றும் படுகிறது. அதே பாடசாலையிலே அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸைப் பற்றிப் படித்தோம். அவர் உலகத்தின் முதல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள்ளும் ஒருவர் என்பதையும், அச்சங்கத்தின் முதற் செயலாளரான பாதிரியார் ஆதர் புரூம் பட்ட பாட்டையும் எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை. இந்தத் தேடலிலேதான் அறிந்தோம்.

1824 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே இலண்டனில் ஒரு கோப்பிக் கடையிலே கூடி அச்சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1822 இல், ரிச்சர்ட் மார்ட்டின் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் மாடு முதலிய மிருகங்களைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியிருந்தார். சட்டம் இருந்தது, அதைக் கொண்டு வழக்குப்போட ஆளில்லை. ஆகவே சங்கம் சேர்த்த காசு புல்லுக்கோ தவிட்டுக்கோ போகவில்லை. ஸ்மித்பீல்ட் மாட்டுச் சந்தையிலே நின்று கொடுமை செய்வோரைப் பிடித்து வழக்கு வைக்கும் பரிசோதகர்களின் சம்பளத்துக்குப் போயிற்று. செலவு வரவை மிஞ்சியது. சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பாக நின்ற புரூம் பாதிரியார் 1826 இலே கடன்காரர் சிறைக்குப் போனார். பின்னர் லூயிஸ் கொம்பேட்ஸ் என்னும் யூதர் செயலாளராகிச் சங்கத்தின் பணநிலையைச் சீர்செய்தார். 1840 இலே விக்டோரியா இராணி 'றோயல்' என்ற பட்டத்தை அளித்தார். இன்று உலகெங்கும் பெயர்பெற்ற அந்தச் சங்கத்தின் முதற் கணக்குப் புத்தகம் இப்படித்தான் தொடங்கிற்று.

இக்கதையிலிருந்து எமக்கு ஒன்று விளங்கிற்று. 'காசு மிருகத்தின் வாய்க்குள் போனதா?' என்பது மாத்திரம் கேள்வியல்ல. ஒரு மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் கொடுத்தால் அந்தி வரைக்கும் பசியாறும். ஒரு பரிசோதகனுக்குச் சம்பளம் கொடுத்தால் ஒரு சந்தையே அடங்கும். நம் நாட்டையே பாருங்கள். 1907 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் விதிக்கப்பட்ட அபராதம் கூடியது நூறு ரூபா. அந்நாளில் அது பெருந்தொகை. மாமாங்கத்துப் பெரியவர் பேணியிலே போட்டதும் அதே நூறு ரூபாதான். அதற்குப் பதிலாகப் புதிய சட்ட வரைபொன்றைச் சட்ட ஆணைக்குழு 2006 இலே ஆக்கியது. அதற்காக வாதாடிய சங்கங்கள் வழக்கறிஞர்களுக்கும் பிரசாரத்துக்கும் செலவழித்த காசும் ஒருவகையில் மிருகங்களுக்கே செலவழிந்த காசு. ஆனால் அதைக் கொடுத்தவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சோற்றுக்கென்று வாங்கி வழக்குக்குச் செலவழித்தால், வழக்கு நல்ல வழக்கானாலும் வாங்கிய சொல் பொய்த்த சொல்.

இந்தச் சங்கடம் எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கவேண்டும். 1954 ஆம் ஆண்டிலே தொடங்கிய ஐக்கிய அமெரிக்க மனிதாபிமானச் சங்கம் அந்நாட்டின் பெரிய மிருக நல அமைப்புகளுள் ஒன்று. 2025 இலே பெயரையும் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவிலே ஊருக்கு ஊர் நாய் பூனைகளை வைத்துக் காக்கும் காப்பகங்கள் உண்டு. அவற்றுட் பலவற்றுக்கு ஏறத்தாழ இதே பெயர். ஆயினும் அவை இச்சங்கத்தின் கிளைகள் அல்ல. தலைமைச் சங்கத்தின் பெரும் பணி சட்டமும் பிரசாரமும் வழக்கும். 2010 இலே எடுத்த ஒரு கருத்துக் கணிப்பிலே பத்துப் பேருக்கு ஏழு பேர், அச்சங்கம் ஊர்க் காப்பகங்களுக்கெல்லாம் தாய்ச்சங்கம் என்றே எண்ணியிருந்தது தெரியவந்தது. இதையும் சொல்லவேண்டும்: அக்கணிப்பை எடுப்பித்தவர்கள் உணவு விடுதிக்காரர், இறைச்சி வியாபாரிகள் ஆகியோரின் ஆதரவு பெற்ற எதிர்த்தரப்பார். கோழிப்பண்ணைக் கூடுகளை மாற்றச் சொல்லும் சங்கத்தின் மேலே அவர்களுக்குக் கோபம் இருப்பது இயற்கை. குற்றம் சாட்டுவோன் யார், அவன் செலவை யார் கொடுக்கிறார் என்று பார்ப்பதும் கணக்குப் பார்ப்பதன் ஒரு பகுதி என்று அன்று அறிந்துகொண்டோம்.

இன்னொன்று. அமெரிக்காவின் பெயர்பெற்ற ரிங்லிங் சர்க்கஸ் யானைகளைத் துன்புறுத்துகிறதென்று 2000 ஆம் ஆண்டிலே சில மிருக நலச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. முக்கிய சாட்சி, அந்தச் சர்க்கஸிலே முன்பு வேலைசெய்த ஒருவர். வழக்குத் தொடுத்தவர்களே அவருக்கு ஆண்டுக்கணக்காகப் பணம் கொடுத்து வந்தது வெளிப்பட்டது. 2009 இலே நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பின்பு சர்க்கஸ் முதலாளி எதிர்வழக்கு வைக்க, ஒரு சங்கம் 2012 இலே 93 இலட்சம் டொலரும், மேலே சொன்ன சங்கம் உட்பட மற்றவர்கள் 2014 இலே 1 கோடி 57½ இலட்சம் டொலரும் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். தங்கள் பங்கிலே பெரும்பகுதியைக் காப்புறுதி ஏற்கும் என்று அச்சங்கம் சொன்னது. எப்படியிருந்தாலும், யானைக்கென்று எழுந்த இரக்கத்தின் பேரிலே யானையைக் கட்டிவைத்திருந்தவனுக்கே கோடிகள் போய்ச்சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், வழக்கிலே வென்ற சர்க்கஸ் 2016 இலே தானாகவே யானைகளை அரங்கிலிருந்து நீக்கியது. சனங்களின் மனம் மாறியிருந்தது. அம்மாற்றத்திலே அச்சங்கங்களின் பிரசாரத்துக்கும் பங்குண்டு. ஆக, காசு வீணாயிற்றா, பயன்பட்டதா? எங்கள் எண்மருள்ளே இதிலே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

அந்நாட்டிலே ஒரு நன்மை உண்டு. வரிவிலக்குப் பெற்ற பெரிய தருமச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். பணிக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, பணம் திரட்டுவதற்கு எவ்வளவு என்று மூன்று பிரிவாகக் காட்டவேண்டும். கேட்டவர்க்குக் காட்ட மறுத்தல் கூடாது. இங்கிலாந்திலும் தருமச் சங்கங்களின் கணக்கை எவரும் பார்க்கப் பொதுப் பதிவேடு உண்டு. ஆயினும் அந்த மூன்று பிரிவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பணம் கேட்டு அனுப்பும் கடிதத்திலேயே 'வெயிலில் மூடிய காருக்குள் நாயை விட்டுச் செல்லாதீர்' என்பது போன்ற அறிவுரையும் சேர்ந்திருந்தால், அக்கடிதச் செலவின் ஒரு பங்கை 'பொதுமக்கள் கல்வி' என்று பணியின் கீழ் எழுதுவதற்கு, சில நிபந்தனைகளோடு, அந்நாட்டுக் கணக்கியல் விதி இடம்கொடுக்கிறது. வர்த்தகம் பயிலும் எங்கள் நண்பர் இதை விளக்கியபோது அனைவரும் வாயடைத்துப் போனோம். நூற்றுக்கு எண்பது பணிக்கே போகிறது என்று ஒரு சங்கம் சொன்னால், அந்த எண்பதுக்குள்ளே தபால் முத்திரை எவ்வளவு என்றும் கேட்கவேண்டியிருக்கிறது!

அதற்காக, செலவு குறைந்த சங்கமே சிறந்த சங்கம் என்று ஓடிவிடக்கூடாது. சென்னையிலே 1959 இலே விமானியான கப்டன் வி. சுந்தரம் அவர்கள் தொடங்கிய நீலச்சிலுவைச் சங்கத்தை, அதாவது புளூ குரொஸ்ஸை, எடுத்துக்கொள்வோம். மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம். கொல்வதனால் நாய் குறையாது, கருத்தடை செய்து தடுப்பூசி ஏற்றி விட்டால்தான் குறையும் என்று அவர்கள் 1964 இலேயே செய்து காட்டத் தொடங்கினார்கள். மாநகராட்சி அதை ஏற்றது 1996 இலே. முப்பத்திரண்டு வருடம்! அந்த முப்பத்திரண்டு வருடத்திலே அன்பர்கள் கொடுத்த காசெல்லாம் நாய்க்குச் சோறாகவே போயிருந்தால் எல்லாம் சீரணித்துப் போயிருக்கும்.

நம் தீவிலும் 2006 ஆம் ஆண்டிலே நாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அரசாங்கக் கொள்கையாயின. 1973 இலே விசர்நாய்க்கடி நோயினால் இந்நாட்டிலே 377 பேர் இறந்தனர். அண்மை ஆண்டுகளிலே அத்தொகை ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றிவிட்டால் அந்நோய் பரவ வழியில்லாமற் போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2004 டிசம்பர் 26 இலே கடல் பெருகி நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லடிக் கரையையும் அழித்ததை நாங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள். நீங்கள் கண்ணாற் கண்டவர்கள். அக்காலத்திலே வீடிழந்த சனங்களோடு வீடிழந்த நாய்களும் சேர்ந்து திரிந்தன; வெளிநாட்டுச் சங்கங்களின் பணத்திலே கரையோரத்து நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றினார்கள். மனிதருக்கே கூடாரமில்லாத நேரத்திலே நாய்க்கு ஊசியா என்று அன்று கோபப்பட்ட பெரியவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். அந்த ஊசி நாய்க்குப் போட்டதாயினும் காத்தது முகாமிலே விளையாடிய பிள்ளைகளை.

ஒரு நாய்க்குக் கருத்தடை செய்யும் காசு எங்கெங்கே பிரிகிறது என்று ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டோம். அவர் விரல் மடித்துச் சொன்னார்: வலைபோட்டுப் பிடிக்கும் ஆட்களின் கூலி, வண்டிக்கு எண்ணெய், மயக்க மருந்து, நூல், கையுறை, உதவியாளர், பின்னர் நாலைந்து நாள் வைத்துப் பார்க்கும் இடம். "சோறு கடைசியிலதான் வரும் தம்பி" என்றார். முடிந்த பின்னர் பல இடங்களிலே நாயின் காது நுனியிலே சிறிதாக ஒரு வெட்டு வைத்துவிடுகிறார்கள். மறுபடி பிடிக்காமலிருக்கத்தான் அந்த அடையாளம். எமக்கோ அது நாயின் காதிலேயே எழுதிவிட்ட பற்றுச்சீட்டாகத் தோன்றியது. நாட்காட்டி அனுப்பவே தேவையில்லை. தெருவிலே நின்று காதை எண்ணினாற் போதும்.

ஆனால் தெருவிலே நிற்காத மிருகங்களும் உண்டு. 2022 டிசம்பரிலே புயலோடு வந்த குளிரிலே வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் ஒன்றிரண்டு நாளிலே விறைத்துச் செத்தன. பட்டிக்காரர் விடிய எழுந்து பார்த்தபோது கிடந்த கிடையாகவே கிடந்தன. எந்தத் திருவிழாவிலாவது அந்த மாடுகளுக்காக ஒரு பேணி நீட்டப்பட்டதா? நாங்கள் நீட்டவில்லை. மயிலத்தமடு, மாதவணைப் பட்டிக்காரர் மேய்ச்சற்றரை கேட்டு 2023 செப்டெம்பரிலே தெருவோரம் அமர்ந்தனர். மாடுகள் சுடுபட்டும் வெட்டுப்பட்டும் வருகின்றன என்று நாளேது பொழுதேது என்று முறையிட்டனர். மாட்டுக்கு அங்கே வேண்டியது புல்லுக்கட்டல்ல, நிலம். நிலத்தைப் பேணியிலே சேர்க்க முடியாது. அதே 2023 இலே நாடு முழுவதிலும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் ஒருவரால் ஒருவர் மாண்டனர். படுவான்கரையிலே வயலுக்குக் காவலிருப்போர்க்கு இது புள்ளிவிபரமல்ல. உடவளவையிலே தாயிழந்த யானைக்குட்டிகளைப் பால் கொடுத்து வளர்த்துக் காட்டிலே விடும் நிலையம் 1995 முதல் நல்ல பணி செய்கிறது; ஒரு குட்டிக்கு வளர்ப்புப் பெற்றோராகப் பணம் கட்டுவதற்கும் அங்கே வழியுண்டு. குட்டியின் முகத்துக்குக் காசு வருகிறது. குட்டியின் தாய் ஏன் வயலோரத்திலே செத்தது என்பதற்கு முகமில்லை. ஆகவே அதற்குக் காசு வருவது அரிது.

முகத்துக்குக் காசு வரும் என்பதைக் கயவரும் அறிந்திருக்கிறார்கள். மலைப்பாம்பின் பிடியிலிருந்து நாய்க்குட்டியை மீட்பதாகவும், சேற்றுக்குள் புதைந்த பூனையைத் தோண்டி எடுப்பதாகவும் கைத்தொலைபேசியிலே வரும் காட்சிகளுட் பல, படம் பிடிப்பதற்காகவே அந்தக் குட்டியைப் பாம்பிடம் கொடுத்தும் சேற்றிலே புதைத்தும் எடுத்தவை. ஆசிய மிருக நலச் சங்கங்களின் கூட்டமைப்பொன்று இவற்றைத் தேடிப் பிடித்து 2021 இலும் 2024 இலும் அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. சிலவற்றின் கீழே நன்கொடை அனுப்பும் வழியும் எழுதப்பட்டிருக்கும். அங்கே கொடுக்கும் காசு அடுத்த குட்டியைச் சேற்றிலே இடுவதற்குரிய காசு.

இந்த இடத்துக்கு வந்தபோதுதான் எங்களுள் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நம்மட பேணியில ஒட்டின நாய் எங்கத்த நாய்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. பதாகை அடிக்கும் கடையிலே, கைத்தொலைபேசியில் தேடியெடுத்த படம் அது. அந்த நாயை எங்களுள் ஒருவரும் கண்டதில்லை. எந்தத் தேசத்து நாயோ, இருக்கிறதோ இறந்ததோ, கால் தானாக ஒடிந்ததோ படத்துக்காக ஒடிக்கப்பட்டதோ, அறியோம். அதன் முகத்தைக் காட்டி, மாமாங்கத்திலே முழுகி வந்த சனங்களிடம் நாங்கள் காசு வாங்கினோம்.

அதன் பின்னர் எங்கள் சொந்தக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தோம். மூன்று நாளிலே பேணிகளிலே சேர்ந்தது 46,250 ரூபா. பதாகைக்கும் ஒட்டும் படங்களுக்கும் 9,500. முச்சக்கர வண்டிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் 7,850. எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே நிறத்திலே தொப்பி, பெயர் எழுதியது, 4,900. கொழும்புக்கு அனுப்பியது 24,000. எவரும் ஒரு சதமும் சட்டைப்பைக்குள் போடவில்லை. எல்லாவற்றுக்கும் துண்டு இருக்கிறது. ஆயினும் மூன்று கடிதம் எழுதி அவர்களிடம் கணக்குக் கேட்ட நாங்கள், கொழும்புக்குப் போவதற்கு முன்னரே ஏறத்தாழ அரைவாசியைச் செலவழித்திருந்தோம். அவர்களாவது நாட்காட்டி அனுப்பினார்கள். நாங்கள் அந்தப் பெரியவருக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அவர் போட்ட நூறு ரூபாவிலே ஏறக்குறைய 52 ரூபா மட்டக்களப்பைத் தாண்டியது. மிச்சத்திலே ஒரு பகுதியை நாங்கள் புரியாணியாக உண்டோம். ஒரு பகுதியைத் தலையிலே அணிந்தோம்.

சிலர், ஆட்களுக்குச் சாப்பாடு கொடாமல் வேலை நடக்குமா என்று எமக்காகப் பரிந்து பேசினார்கள். நடக்காது என்பது உண்மைதான். புரூம் பாதிரியாரின் பரிசோதகர்களும் சம்பளம் வாங்கியவர்களே. ஆனால் அவர்களின் சம்பளத்தால் மாடு அடிபடுவது நின்றது. எங்கள் தொப்பியால் எது நின்றது?

ஆகவே நாங்கள் செய்தது இதுதான். சாப்பாட்டுக் காசையும் தொப்பிக் காசையும் எட்டுப் பேருமாகக் கட்டி, வண்டிக்கூலி நீங்கலாக 10,600 ரூபாவை மன்றப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டோம். பதாகைக்குப் போனதை இனி மீட்க வழியில்லை. அந்தப் பதாகை இப்போது நண்பர் ஒருவர் வீட்டு விறகுக்கொட்டிலின் கூரையிலே கிடக்கிறது, நாயின் முகம் உள்பக்கமாக. ஒப்படைத்த தொகையைக் கொண்டு மிருக வைத்தியர் அலுவலகத்தாரின் ஒத்துழைப்போடு ஆலயச் சூழலிலுள்ள நாய்களுக்கு ஒருநாட் கருத்தடை முகாம் நடத்தலாமா என்று நிருவாக சபையின் முன் ஒரு பிரேரணை வைத்திருக்கிறோம். எத்தனை நாய்க்குப் போதுமென்று இப்போது சொல்லமாட்டோம். முடிந்த பின்னர் காதை எண்ணிச் சொல்லுவோம். இனிப் பேணி நீட்டுவதானால் பேணியிலே அமிர்தகழி நாயின் படமே ஒட்டப்படும். இவ்வளவு சேர்ந்தது, இவ்வளவு செலவு, இன்னது மிச்சம் என்று வண்ணக்கர் கணக்கைப்போல ஆலய வாசலிலே எழுதி ஒட்டப்படும். மாடுகளுக்கென்று தனியாக ஒரு நிதி வேண்டும், அதுவும் மழைக்கு முன்னரே வேண்டும் என்று எங்களுட் சிலர் வாதாடுகிறார்கள். புதூரிலும் கிரானிலும் பட்டி வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மாரியிலே மாட்டுக்கு எது முதலில் வேண்டும், மேடா, கொட்டிலா, மருந்தா என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். புத்தகத்திலே நாங்கள் அதைத் தேடினோம், கிடைக்கவில்லை.

அந்தப் பெரியவரைத் தேடி இரண்டு முறை படுவான்கரைக்குப் போனோம். பெயர் தெரியாமல் ஈரத் துவாயை மாத்திரம் அடையாளம் சொல்லி ஆளைக் கண்டுபிடிப்பது இலேசான காரியமல்ல. மண்முனைத்துறைப் பாலத்தடித் தேநீர்க் கடையிலே விசாரித்தபோது, "அப்பிடிக் கேள்வி கேக்கிற ஆள் இந்தப் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க தம்பி" என்றார்கள். அடுத்த ஆடி அமாவாசைக்கு அவர் வருவார் என்று நம்புகிறோம். வந்தால் காட்டுவதற்குக் கணக்குப் புத்தகத்தை எழுதி வைத்திருக்கிறோம். பற்றுச்சீட்டுகளும் அதனோடு கட்டியிருக்கின்றன. இன்று அது வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம். பக்கத்திலே பேனாவும் வைத்திருக்கிறோம். பிழை கண்டவர்கள் ஓரத்திலே குறித்துவிடுங்கள்.